ராஜாமணியின் கைக்கு ஒரு கிட்டார்

நம் கல்லூரி ஓய்வுபெற்றோர் வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுவதற்கு அரை மணி நேரம் முன்பே எனக்குச் செய்தி தெரியும். கணபதிப் பகுதியில் மரப்பட்டறை வைத்திருக்கும் ஷாஜகான் பாய் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, டீச்சரம்மா காலையில மவுத்தாயிட்டாங்களாமுங்க. தூக்கத்துலயே போயிட்டாங்களாம். அவங்க கிட்டார் எங்கிட்டதான் இருக்குதுங்க. யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியலீங்க" என்றார். கம்பிகளைச் சற்றுத் தாழ்த்தித் தரச் சொல்லிப் போன வாரம்தான் கொடுத்திருந்தாளாம். எழுபதைத் தாண்டிய ஒருத்தி இறந்தால் மருந்துச் சீட்டும் மூக்குக் கண்ணாடியும் மிஞ்சும். கணிதத் துறை ராஜாமணிக்குப் பட்டறையில் ஒரு கிட்டார் மிஞ்சியது.

அவள் என்றே எழுதுகிறேன். இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு அவர் என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருக்கும். அவள் மென்மையானவள் என்று குழுவில் மூவர் எழுதியிருந்தார்கள். அவளோடு விடைத்தாள் திருத்தாதவர்களாக இருக்க வேண்டும். ராஜாமணி மென்மையானவள் அல்லள், சரியானவள். யார் எதை அடித்துச் சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "அளந்து பாத்துப்போட்டுச் சொல்லு." நான் வரலாறு நடத்தியவள். என் பாடத்தில் அளப்பதற்கு அதிகம் இல்லை என்பதால் இந்த வாக்கியத்தை அதிகம் கேட்டவளும் நானே.

முதுகலை படிக்கையில் நாங்கள் ஒரே விடுதி. குன்னூரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் எஃகுக் கம்பி பூட்டிய கிட்டார் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜாமணி அதைக் கேட்டு வாங்கி மடியில் வைத்தாள். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பில் வளர்ந்தவளுக்கு விரல்கள் குட்டை, குட்டையோடு தடிமன். ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்கியது. "தேங்காய் உரிக்கற விரலுக்கு இதெல்லாம் வருமா புள்ள?" என்று ஒருத்தி கேட்டாள். அறை முழுக்கச் சிரித்தது. ராஜாமணியும் சிரித்துவிட்டுக் கருவியைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஒருத்தி நான்தான். இதை எழுதாமல் மற்றதை எழுதினால் அது நினைவஞ்சலி ஆகாது, விளம்பரம் ஆகும்.

ஓய்வுபெற்ற சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒருநாள் என் வீட்டுக்கு வந்து ஒரு வரைபடத்தாளை மேசையில் விரித்தாள். அவளுடைய இடது கை அதில் கோட்டுருவமாக இருந்தது. ஒவ்வொரு விரலின் நீளமும் நுனியின் அகலமும், விரித்தால் எவ்வளவு எட்டும் என்பதும் மில்லிமீட்டரில். "ஏம்புள்ள, கிட்டார் வாங்கப் போறேன். கூட வா. நீ வந்தாத்தான் கடைக்காரன் பயப்படுவான்" என்றாள்.

நகரத்தில் நான்கு கடைகள் ஏறினோம். முதல் கடையில், "பேரனுக்குங்களா மேடம்?" என்றார் விற்பனையாளர். "எனக்குத்தான் கண்ணு" என்று ராஜாமணி தாளை நீட்டினாள். அவளுக்குத் தேவை இரண்டு. விரல் குட்டை என்பதால் கம்பியின் நீளம் குறைய வேண்டும். விரல் தடிமன் என்பதால் கழுத்து அகலமாக வேண்டும். கடைகளில் நீளம் குறைந்தவற்றுக்கெல்லாம் கழுத்தும் ஒல்லி. குட்டைக் கை என்றால் மெல்லிய கையாகத்தான் இருக்கும் என்று செய்கிறவர்கள் தீர்மானித்துவிட்டார்கள் போலும். நைலான் கம்பி பூட்டிய சிறு கிட்டார்களில் கழுத்து அகலம்தான். ஆனால் அவள் காதில் இருந்தது விடுதியில் கேட்ட எஃகின் ஒலி. நான்காவது கடையில் அந்தப் பையன் களைத்துப்போய், "இந்த மாதிரி வராதுங்க மேடம். நீங்க கீபோர்டு பாருங்களேன்" என்றான். "நான் செருப்பு வாங்க வந்தா நீ தொப்பி காட்டுவியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கிடைக்காததைச் செய்துகொள்வது நம் ஊர் வழக்கம். மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு கணபதிப் பக்கம் போனால் எதையும் கடைந்து தர ஆள் உண்டு. ராஜாமணியின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஷாஜகான் பாயின் பட்டறை. வார்ப்படச் சாலைகளுக்கு மர அச்சு செய்கிறவர் அவர். பம்புக்கோ மோட்டாருக்கோ வேண்டிய உறுப்பை முதலில் மரத்தில் செதுக்கித் தருவார். அதை மணலில் பதித்துத்தான் இரும்பை ஊற்றுவார்கள். "கிட்டார் செஞ்சதில்லீங்க டீச்சரம்மா" என்றார். "மொதப் பம்பு செய்யறதுக்கு முந்திப் பம்பு செஞ்சிருந்தீங்களா? அளவு குடுத்தாச் செய்வீங்கல்ல?" என்றாள் இவள். அவர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

கடையில் வாங்கிய ஒரு சிறிய கிட்டாரின் உடலை வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் புதிதாகச் செய்வது என்று முடிவாயிற்று. கம்பியின் நீளம் ஐந்நூற்று எழுபது மில்லி, கழுத்தின் அகலம் நாற்பத்தெட்டு. கழுத்தின் குறுக்கே ஃபிரெட் எனப்படும் உலோகப் பட்டிகளைப் பதிக்க வேண்டிய இடங்களை அவளே கணக்கிட்டு எழுதிக் கொடுத்தாள். பன்னிரண்டாவது பட்டி சரிபாதியில், அதாவது இருநூற்று எண்பத்தைந்தில் வர வேண்டும். பாய் மூன்று வாரத்தில் முடித்தார். வழவழப்பான, அழகான வேலை. அவள் கை அந்தக் கழுத்தைச் சுற்றி உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கே தேடல் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

முடியவில்லை. கம்பியைச் சும்மா மீட்டினால் சுருதி சரி. விரலை வைத்ததும் ஏறிக்கொண்டது. பயிற்சிக்குப் போன இடத்தில் ஆசிரியர் பணிவாகவே சொன்னார்: "மேடம், ரொம்ப அழுத்திப் பிடிக்கறீங்க. விரல் கொஞ்சம் தடிமன் பாருங்க, அதனால ஏறுதுங்க." மறுபடியும் கை மேல்தான் பழி. வீட்டுக்கு வந்து கருவியைச் சுவரோரம் சாய்த்தவள் இரண்டு நாள் அதைத் தொடவில்லை.  ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு, "போதும், விடு ராஜாமணி. சில கைக்கு வராது" என்றேன். ஒரே முட்டாள்தனத்தை ஒரே ஆளிடம் இரண்டாம் முறை சொன்ன பெருமையும் எனக்கே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அளந்து பாத்துப்போட்டுச் சொல்லு" என்றாள். பிறகு தானே எழுந்துபோய் இரும்பு அளவுகோலை எடுத்துவந்தாள்.

மறுநாள் காலை பட்டறையில் இருந்தோம். பாய் தன் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "இருநூத்தி எம்பத்தஞ்சு. நீங்க எழுதிக் குடுத்ததேதானுங்க" என்றார். இவள் தன்னுடையதை வைத்தாள். இருநூற்று எண்பத்தெட்டுக்கு மயிரிழை குறைவு.

"உங்க ஸ்கேல்தான் தப்புங்க டீச்சரம்மா."

"முப்பத்தஞ்சு வருசமா இதுலதான் கோடு போட்டிருக்கறேன் பாய். எல்லாப் பட்டியும் அளந்துட்டேன். எல்லாமே நூத்துக்கு ஒண்ணு கூட. கை தவறினா அங்கொண்ணு இங்கொண்ணுதான் தவறும். இது ஒரே மாதிரி தவறியிருக்குது. உங்க ஸ்கேல இதும்பக்கத்துல வைங்க."

இரண்டு அளவுகோல்களும் அருகருகே படுத்தன. தொடக்கத்தில் கோடுகள் ஒன்றாக இருந்தன. போகப் போக விலகின. பாய் உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லா! கான்ட்ராக்சன் ஸ்கேலுங்க இது!"

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, கோடுகளையே நூற்றுக்கு ஒன்று விரித்துப்போட்ட தனி அளவுகோல் அவர்கள் தொழிலில் உண்டு. மரத்தைத் தொட்டால் பாயின் கை அதைத்தான் எடுக்கும். கழுத்தை அதில் அளந்தார். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையை, கடையில் வாங்கிய உடலில் ஒட்டியபோது மட்டும் சாதாரண டேப்பில் அளந்திருக்கிறார்.

"இதை அப்படியே இரும்புல ஊத்தினீங்கன்னா அளவு கரெக்டா வந்துருமுங்க டீச்சரம்மா" என்றார். ராஜாமணி சிரித்தாள். பட்டறையில் இருந்தவர்கள் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

வேறு கழுத்து செய்து தருவதாகச் சொன்னவரை அவள் விடவில்லை. "கழுத்து எதுக்குங்க? அது தனக்குள்ள சரியாத்தானே இருக்குது. பிரிட்ஜை ஆறு மில்லிக்குக் கொஞ்சங் கம்மியாப் பின்னால தள்ளுங்க. அகலத்துல அரை மில்லி எனக்கு லாபம்." தள்ளி ஒட்டினார்கள். பசை காய்ந்த பிறகு பார்த்தோம். விரல் வைத்தும் சுருதி பிசகவில்லை.

அன்று பட்டறைக்கு எதிரே பேக்கரியில் டீ குடித்தோம்.

"அப்ப எங்கை தப்பில்ல" என்றாள்.

"இல்லை."

"ஹாஸ்டல்ல ஒருத்தி சொன்னாளே?"

"அளக்காமச் சொன்னா."

டீயை முடித்தாள்.

அடுத்த ஆண்டு நம் ஓய்வுபெற்றோர் கூட்டத்தில் அவள் வாசித்ததை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள். அருமையாக வாசித்தாள் என்று எழுதினால் அவளே எழுந்துவந்து சிவப்பு மையில் அடிப்பாள். இரண்டு இடத்தில் தடுக்கினாள், ஓரிடத்தில் நின்று மறுபடி தொடங்கினாள். ஆனால் விரல் வைத்த இடமெல்லாம் சுருதி வைத்த இடமாக இருந்தது. வாசித்து முடித்ததும் வேதியியல் துறையார் அவளிடம் வந்து இசையைப் பற்றிப் பேசியபோது, நான் முன்வரிசையில் கணக்கில்லாத கர்வத்தோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கர்வத்தில் எனக்குப் பங்கில்லை என்று தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

செய்தி வந்த மறுநாள் கிட்டாரை வாங்கப் பட்டறைக்குப் போனேன். பிரிட்ஜுக்கு முன்னால் பழைய பசைத் தடம் இன்னும் தெரிகிறது. மர அச்சுகள் அடுக்கியிருக்கும் தட்டுகளில், அந்தந்த நிறுவனத்தின் பெயர் எழுதிய பம்பு அச்சுகளுக்கு நடுவே, அந்தக் கழுத்தின் மாதிரிப் பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் பெயின்டில் "ராஜாமணி டீச்சர்" என்று எழுதியிருந்தது. "இதுவரைக்கும் மூணு பேருக்கு இந்த அளவுல செஞ்சு குடுத்திருக்கறனுங்க. மதுக்கரையிலிருந்து ஒரு நர்சம்மா வந்தாங்க, அவங்களுக்கும் இதே மாதிரிக் கைதானுங்க" என்றார் பாய். இப்போது எந்த அளவுகோலில் அளக்கிறார் என்று கேட்டேன். "கழுத்தும் பிரிட்ஜும் ரெண்டும் ஒரே ஸ்கேலுங்க. டீச்சரம்மா உத்தரவு" என்றார்.

கிட்டார் இப்போது என் வீட்டில் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. நம்மில் யாருக்கேனும் வேண்டுமென்றால் வாருங்கள்; கண்ணீரோடு வர வேண்டாம், கையோடு வாருங்கள். பொருந்துகிறவருக்கே தருவேன்.

அந்த வரைபடத்தாளை மட்டும் யாருக்கும் தருவதாக இல்லை. மடித்த இடங்களில் கிழியத் தொடங்கிவிட்டது. அவள் வீட்டிலிருந்து அதை எடுத்துக் கொடுத்த தம்பி மகள், கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னாள். மாட்டவில்லை, மேசை இழுப்பறையில், அவளுடைய இரும்பு அளவுகோலோடு வைத்திருக்கிறேன். அது படம் அல்ல, அளவு. வருகிறவர்களின் கையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.