பிள்ளைகள் ரெண்டுதான்

சின்ன ஊர்தானே, வீடு சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்பவனைப் பிடித்து ஒரு நாள் வீடு தேடவிட வேண்டும். கைக்கு அடக்கமான வாடகையில் வீடே இல்லை. இருந்தாலும் "எத்தனை பேர்?" என்பார்கள், "அஞ்சு" என்றதும் கதவு சாத்திக்கொள்ளும். துணிக் கம்பெனியில் இஸ்திரி போடும் அவளுக்கும், வேன் ஓட்டும் அவள் புருஷனுக்கும் மூன்று பெண்கள். அலைந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷன் படிந்து வந்தது. மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா, "பிள்ளைங்க எத்தனை?" என்றார். அவள் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டுதாங்க."

புருஷன் திருதிருவென்று விழித்தான். வாயைவிட்டுப் போனதைத் திரும்ப விழுங்க முடியுமா?

அன்றிலிருந்து கடைக்குட்டி ஒளிந்தே வளர்ந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால். பள்ளிக்கூடம் போவதும் வருவதும் வேன் சீட்டில் படுத்தபடி. கொஞ்சம் உரக்கச் சிரித்துவிட்டால் போச்சு, அம்மா ஓடிவந்து வாயைப் பொத்துவாள். "வீட்டுக்காரம்மா பாத்தா நம்மளத் தெருவுல விட்டுருவாங்கடி!" மேலே நாற்காலி நகர்ந்தால்கூட அம்மா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் காது கொடுப்பாள். பிள்ளைக்கு இதெல்லாம் கண்ணாமூச்சி விளையாட்டுத்தான் என்று நினைத்திருந்தாள் அந்தப் பைத்தியக்காரி.

கம்பெனிப் பழக்கம்தான் காட்டிக்கொடுத்தது. அங்கே பெரிசு, நடு, சிறிசு என்று சைஸ் வாரியாக அடுக்கி அடுக்கி அவள் கை பழகியிருந்தது. வீட்டுக்குள் காயவேண்டிய சின்ன யூனிபாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வரிசை தப்பாமல் கொடியில் ஏறிவிட்டது.

வீட்டுக்கார அம்மா நேரே இறங்கி வந்துவிட்டார். "ரெண்டு பிள்ளைன்னு சொன்னே? மூணு சைஸ்ல காயுது!"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "தப்புதாங்கம்மா. உண்மையச் சொன்னா வீடு தரமாட்டீங்கன்னு பயந்து..."

"பொய் சொல்லி வந்தவங்களுக்கு இங்க இடமில்ல. மாசக் கடைசில காலி பண்ணிடு. எங்க அந்தப் பிள்ளை? கூப்பிடு."

கூப்பிட்டாள். சத்தமே இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள். சுவரோடு ஒண்டி, தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக் கிடந்தது குழந்தை.

"வாடி தங்கம். அவங்க பாத்துட்டாங்க. இனிமே ஒளிய வேணாம்."

நீட்டிய கையைப் பார்த்து அது இன்னும் உள்ளே நகர்ந்தது. வீடு போகிற பயமெல்லாம் அவளுக்கு மறந்தே போனது. இது வேறு பயம்.

வீட்டுக்கார அம்மாவும் தரையில் முட்டி போட்டு எட்டிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"யாரு கண்ணு உள்ள? வெளிய வாம்மா."

கையை வாயிலிருந்து எடுக்காமலே குழந்தை சொன்னது:

"யாரும் இல்ல."