காக்காவின் காரும் கம்பனிச் சின்னமும்

நாங்கள் காக்கா என்று கூப்பிடும் என் அண்ணன், பழைய வேன் எஞ்சினை வைத்து, தோணி செய்யும் பைபரால் ஒரு பந்தயக் கார் கட்டினார். உலகத்திலேயே அப்படி ஒன்றுதான். ஆசைக்கு முகப்பில் ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் சின்னத்தைப் பதித்தார். படம் பேஸ்புக்கில் பரவியதும், காரைப் பார்க்க வருவதாகக் கம்பனியின் கொழும்பு அலுவலகம் ஆங்கிலத்தில் எழுதியது. வீட்டில் படித்தவன் நான்தான். "பாராட்ட வாறாங்க காக்கா" என்றேன். அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

விருந்தாளி சாப்பிடுமுன் வந்த காரியத்தைக் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. கம்பனிக்காரர்கள் வந்ததும் காக்காவே பிரியாணி பரிமாறினார். கை கழுவிய பிறகு அவர்கள் சொன்னதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இது தங்கள் கார் இல்லை, சின்னத்தை எடுக்க வேண்டும்.

காக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"அது மறுகா கழட்டிக் குடுப்பம் தம்பி. முதல்ல அவங்களுக்கு வட்டிலப்பத்த வை."

இனிப்புக் கிண்ணங்களோடு அவரைக் கடந்து போகையில் என்னால் தலை நிமிர முடியவில்லை.