சீமை பங்களாவில் மெர்சியைப் பெண் பார்த்தது

போன மாதம் திருப்பதியில் மகளின் புது அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசற்கதவில் சின்னதாக ஒரு கேமரா. வெளியே யார் நின்றாலும் உள்ளே இருக்கும் திரையில் முகம் தெரிகிறது, பேச்சும் கேட்கிறது. பால்காரர் எதிர்வீட்டு அம்மாளிடம் எங்களைப் பற்றி அளந்துகொண்டிருந்ததை நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். "இன்னாம்மா இது பழக்கம்?" என்றாள் மகள். இன்று நேற்று வந்த பழக்கமில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

எழுபதுகளில் எனக்குச் சித்தூரில் டைப்பிஸ்ட் வேலை. ஊர் நகரி. வீட்டில் தறிச் சத்தம், ஆபீசில் மிஷின் சத்தம். கொஞ்சம் அமைதி கிடைத்தது வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில்தான். அது ஊருக்கு வெளியே மாந்தோப்பு ஒன்றின் நடுவில் இருந்த பழைய ஜமீன் வீடு. சீமை பங்களா என்பார்கள்.

அதைக் கட்டிய ஜமீன்தார் இங்கிலாந்துக்குச் சட்டம் படிக்கப் போனவராம். லீவு நாளில் கூடப் படித்தவனின் பூர்வீக வீட்டில் தங்கியிருக்கிறார். அறுநூறு வருஷத்து வீடு. பட்டம் வாங்காமல் திரும்பினாலும் அந்த வீட்டின் வரைபடத்தைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். குளிர் தேசத்து வீடு அப்படியே சித்தூர் வெயிலில் எழுந்தது. கூடத்தில் குளிர்காய ஓர் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கணப்படுப்பு. நாங்கள் அதில் வெங்காய மூட்டை வைத்திருந்தோம். சுற்றி அகழி வேறு. மூன்று பக்கம் தோண்டியதும் ஜமீன்தாருக்கு அலுத்துவிட்டது போல. நான்காவது பக்கமாக எந்தப் பகைவனும் சாவகாசமாக நடந்து வரலாம். எருமைகள்தான் வந்தன.

மாடிப்படி சங்கு மாதிரி சுற்றிக்கொண்டு ஏறும். வாளோடு ஏறி வருகிறவனுக்கு வலது கை நடுத்தூணில் இடிக்க வேண்டும் என்று அப்படிக் கட்டுவார்களாம். எனக்கு இடித்ததெல்லாம் தண்ணீர்க்குடம்.

கூடத்தைச் சொல்லாமல் விட முடியாது. கவிழ்த்த கப்பலுக்குள் நிற்பது போலிருக்கும், அவ்வளவு உயரத்தில் உத்தரங்கள். ஒரு கோடியில் பிரபு குடும்பம் சாப்பிடுவதற்கு மேடை. வேலையாட்களுக்குக் கீழே தரை. மறு கோடியில் சமையற்கட்டை மறைக்கும் மரத் தடுப்பு, அதன் தலைமேல் வாத்தியக்காரர்கள் உட்கார ஒரு பரண். எங்கள் வார்டன் ரங்கம்மா மேடையில் சாப்பிட்டார். நாங்கள் தரையில். பரணில் உள்பாவாடை காயப்போட்டோம்.

மேடைக்கு மேலே மாடியில் இருந்த அறை எனக்கும் மெர்சிக்கும். அதன் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளவு. கீழேயிருந்து பார்த்தால் சுண்ணாம்புப் பூவேலைக்குள் மறைந்துவிடும். மேலேயிருந்து கண்ணை வைத்தால் கூடம் முழுக்கத் தெரியும், காதை வைத்தால் முணுமுணுப்புகூட ஏறி வரும். ரங்கம்மாவுக்கு எங்களைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம். அது உயர்வாக இல்லை.

மெர்சி ஆஸ்பத்திரி நர்ஸ். அவளுடைய நைனா, அதாவது அப்பா, பாலசமுத்திரத்தில் வாத்தியாராக இருந்தவர், பழைய மிஷன் சபைக் குடும்பம். திருப்பதியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் சாலமன், கட்டட ஓவர்சியர். "நம்ம ஊட்ல அவங்களை எங்க உக்கார வெக்கறது? பங்களாவுலயே வெச்சிக்கலாம்" என்று நைனா ரங்கம்மாவைக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தார்கள். சாலமன், அவன் அம்மா, தாய்மாமா. மேடையில் உட்கார வைத்தோம். சாலமன் மட்டும் உட்காரவில்லை. உத்தரத்தைப் பார்த்தான், தடுப்பைத் தட்டிப் பார்த்தான், வெங்காயத்தை நகர்த்திவிட்டுக் கணப்படுப்புக்குள் தலையை விட்டான். வீட்டைப் பார்க்க வந்தவனா பெண்ணைப் பார்க்க வந்தவனா என்று எனக்கே சந்தேகம்.

அப்போதுதான் மாமாவின் பார்வை எதிரே பரணில் போய் நின்றது. பச்சை, ஊதா, ரோஸ் என்று எங்கள் பாவாடைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. "அது இன்னா தோரணம்?" என்றார்.

ரங்கம்மா கண் இமைக்கவில்லை. "பண்டிகைக்குக் கட்டினதண்டி" என்றார் தன் தெலுங்குத் தமிழில்.

மெர்சி காபி கொடுத்துவிட்டு மேலே வந்தாள். தங்களுக்குள் தனியாகப் பேச வேண்டும் என்று பையன் வீட்டார் சொன்னதால் நைனாவும் ரங்கம்மாவும் வெளியே போனார்கள். நாங்கள் பிளவுக்குப் போனோம்.

"பொண்ணு நல்லாத்தான் கீது. நைட் டூட்டி போறதுதான் ஒத்து வராது" என்றாள் அந்த அம்மா.

"இப்ப வாயத் தொறக்காத அக்கா. கல்யாணம் ஆவட்டும், வேலைய உடச் சொல்லிக்கலாம். அப்பால அவ இன்னா பண்ணுவா?" என்றார் மாமா.

என் கன்னத்தோடு ஒட்டியிருந்த மெர்சியின் கன்னம் சுட்டது. ஆஸ்பத்திரி அவளுக்கு உயிர். அப்போது சாலமன், கூடமே அதிரும்படி பேசினான்: "வேலைய உடச் சொல்றதுன்னா இப்பவே அவங்களையே கேக்கணும். அப்பால சொல்றது ஏமாத்து வேலை. அவங்க வேலைக்குப் போறது எனக்கு இஷ்டம்தான்."

"ஏன்டா கத்தற? பக்கத்துலதான கீறோம்" என்றாள் அவன் அம்மா.

மெர்சி எழுந்தாள். புடவையைப் பிடித்து இழுத்தேன். "எங்க போற?"

"டம்ளர எடுத்துக்கினு வரேன்."

கீழே போய் டம்ளர்களை நிதானமாக அடுக்கினாள். "நான் வேலைய உட மாட்டேம்மா. கல்யாணத்துக்கு முன்னாலயும் உட மாட்டேன், பின்னாலயும் உட மாட்டேன். நைட் டூட்டி போட்டா போவேன்" என்றாள்.

மாமா எழுந்து போய் மரத் தடுப்புக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பிரியாணி வெந்திருந்தது. "துன்னுட்டாவது போங்க" என்று நைனா பின்னாலேயே ஓடினார். சாலமன் மட்டும் வாசலில் நின்று, திரும்பி, நேராகப் பிளவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். நான் பின்வாங்கிய வேகத்தில் மண்டை கட்டிலில் மோதியது. நைனாவின் துக்கத்தில் நாங்களும் பங்குகொண்டு பிரியாணியைத் தீர்த்தோம்.

கொஞ்ச நாள் கழித்து சாலமன் தனியாக வந்தான், அளவு நாடாவோடு. பழைய கட்டடம், அளந்துகொள்ள வேண்டும் என்றான். அளக்கும்போதே மெர்சியிடம் சொன்னான்: "மேல கீற அந்தச் சந்து, நான் வந்த அன்னைக்கே கண்ணுல பட்டுது. இந்த மாதிரி ஊட்ல, கீழ யாரு இன்னா பேசறாங்கன்னு பாக்கறதுக்குப் பிரபு பொண்டாட்டிக்கு வெக்கறது."

"அதான் கத்துனீங்களா?"

"உங்க காது எப்படின்னு எனக்குத் தெரியாதில்ல."

மெர்சி சிரித்த சிரிப்பில் அன்றே முடிவாகிவிட்டது. ஆனால் அம்மாள் இறங்கி வரவேண்டுமே. சாலமன் ஒரு காரியம் செய்தான். அம்மாவிடம் பிளவைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டான். எந்தப் பெண்தான் அதைக் கேட்டுச் சும்மா இருப்பாள்? மறுபடி பேச வருவது போல வந்தவள், தம்பியையும் மகனையும் நைனாவோடு கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, முகம் கழுவ வேண்டும் என்று நானும் மெர்சியும் இருந்த அறைக்கு நேராக ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. "எங்க அது?" என்றாள். காட்டினேன்.

கீழே மாமா நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அக்கா கெடக்கறா வாத்தியாரே, அவளுக்கு இன்னா தெரியும்? எங்க ஊட்ல எல்லாம் நான் சொல்றதுதான்."

அந்த அம்மாள் பிளவிலிருந்து முகத்தை எடுத்தாள். மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சங்குப் படியில் இறங்கிப் போய், தம்பி முன்னால் நின்றாள். "கல்யாணம் முடிவாயிட்டுது. பொண்ணு வேலைக்குப் போவும்." மாமா இன்னொரு தரம் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எண்பதுகளின் கடைசியில் பங்களாவை இடித்தார்கள். தேக்கு உத்தரங்கள் லாரி ஏறிப் போயின. அகழியை மண் கொட்டி மூடினார்கள். மாந்தோப்பு மனைகளாயிற்று. ரங்கம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த இடத்தில் இப்போது ஏ.சி. கல்யாண மண்டபம். சமீபத்தில் ஒரு வரவேற்புக்கு மெர்சியும் நானும் போயிருந்தோம். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து கையாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் என்ன பேசினார்கள் என்று ஒரு சொல் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த மெர்சி என் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். "இன்னா?" என்றேன். மறுபடி சொன்னாள். அதுவும் கேட்கவில்லை.