புவாவின் பங்கு மின்சாரம்

ரெருங்கின் மனைவி லாய் புவா மூச்சை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. தோராஜா மலையில் அதைச் சாவு என்று யாரும் சொல்வதில்லை. ஈமச் சடங்கில் முதல் எருமை பலியாகி விழும்வரை அவள் உடம்பு சரியில்லாதவள்தான். தெற்கு அறையில் பெட்டிக்குள் படுத்திருந்தாள். ரெருங் காலையில் காப்பியும் மாலையில் சோறும் மீனும் கொண்டுபோய் வைப்பார். வெளியே கிளம்பினால் அவளிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்.

அந்த அறை முன்பு அவள் தையல் அறை.

வாலிபத்தில் ரெருங் காலிமந்தானில் மரம் அறுக்கும் ஆலையில் இருந்தார். மின்சார வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டார். பாதியைப் பார்த்து, பாதியைக் கையைச் சுட்டுக்கொண்டு. ஊர் திரும்பியதும் ஓடையின் சரிவில் ஒரு சக்கரம் பூட்டினார். துறைமுகத்திலிருந்து வந்த பழைய ஜெனரேட்டரை நாலு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்தார்கள். அதிலிருந்து வரும் கம்பி நெற்களஞ்சியத்தின் இறவாணத்தில் அடித்த மரப்பெட்டிக்குள் நுழையும். அங்கே கிளை கிளையாகப் பிரிந்து வீடுகளுக்குப் போகும். எல்லாக் கிளைக்கும் ஒரே அழுத்தம்தான். ஆனால் எந்தக் கிளையில் தடை குறைவோ அந்தக் கிளை அதிகம் இழுத்துக்கொள்ளும். பிரிந்து போனதையெல்லாம் கூட்டினால் உள்ளே வந்த அளவுதான் நிற்கும். பெட்டிக்குள் எதுவும் தொலையாது.

ஊரில் வீட்டுக்கு ஒரு இருபத்தைந்து வாட் பல்பு. புவா மட்டும் நூறு கேட்டாள்.

"இருட்டுல ஊசி கோக்க நான் என்ன வௌவாலா?"

அவளுக்கென்று தனிக் கம்பி இழுத்தார். நூறு வாட் பல்பின் இழை தடிமன், தடை குறைவு. நாலு வீட்டுக்குப் போகிற மின்சாரம் அந்த ஒரு கம்பியில் போயிற்று. அப்போது யாரும் முணுமுணுக்கவில்லை. ஊரே அவள் தைத்ததைத்தான் உடுத்தியது. அவள் படுத்த பிறகும் அந்த விளக்கு மாலைதோறும் எரிந்தது.

இந்த வருஷம் ஓடை நூலாகிவிட்டது. மதகை முழுக்கத் திறந்தும் சக்கரம் சோம்பிச் சுற்றியது. பல்புகள் அணையப்போகும் கங்கு மாதிரி சிவந்து கிடந்தன. ஒருநாள் காலை புவாவின் தம்பி தோடிங் மூங்கில் குழாயில் கள்ளோடு வந்து உட்கார்ந்தான்.

"அத்தான், எங்க வீட்டு பல்பு எரியுதான்னு பாக்கவே டார்ச் அடிக்க வேண்டியிருக்கு."

"ஓடையில தண்ணி இல்ல. நான் என்ன குடத்துல மொண்டு ஊத்தவா?"

"தண்ணியா கேட்டேன்? அக்கா ரூம் பல்பக் கேக்கறேன்."

ரெருங் கள்ளுக் குழாயைத் தள்ளி வைத்தார்.

"எருமைக்கு நாள் குறிங்கன்னு எத்தன வாட்டி வந்துட்டேன்? மழை விடட்டும்னீங்க. மழை விட்டுச்சு. அறுப்பு முடியட்டும்னீங்க. அதுவும் முடிஞ்சுது."

"உடம்பு சரியில்லாதவள இருட்டுல போடச் சொல்றியா?"

விறகோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, சம்பேயின் அம்மா, நின்றாள். "எம்பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, ரெருங் அண்ணே. இன்னைக்கோ நாளைக்கோங்கறாங்க. இந்த வெளிச்சத்துல மருத்துவச்சி தடவித்தான் தேடணும்."

பிரசவம் என்றால் வெளிச்சம் வேண்டும்தான். ஆனால் அந்த அறைக்குள் போய், அவள் முன்னால் நின்று விளக்கை அணைப்பது அவரால் முடியாத காரியம். உயிரோடு இருப்பவளின் விளக்கை யாராவது அணைப்பார்களா? மதியம் மதகு மூடிச் சக்கரம் நின்றிருந்த வேளையில் களஞ்சியத்துக்குப் போனார். அங்கிருந்த மரப்பெட்டியைத் திறந்து அவள் கம்பியை மட்டும் கழற்றி, நுனியில் துணி சுற்றி வைத்தார்.

சாயங்காலம் மதகைத் திறந்துவிட்டு, சோற்றோடு அறைக்குள் போனார்.

"கரண்டு இல்ல, புவா," என்றார். "ஓடை வத்திப்போச்சு. ஊரே இருட்டு."

சொல்லி முடிக்கவில்லை, வெளியே பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். பலகைச் சுவரின் இடுக்கு ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு விழுந்தது. ஒன்று தோடிங் வீட்டு வெளிச்சம், ஒன்று சம்பேயின் அம்மா வீட்டு வெளிச்சம். கோடுகள் பெட்டியின் மேல் ஏறிப் படுத்தன.

பாரம் குறைந்ததும் சக்கரம் வேகம் பிடித்திருந்தது. அழுத்தம் கூடி, மற்றக் கம்பிகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அதிகமாக இழுத்துக்கொண்டன. ரெருங்குக்கு அது தெரிந்த கணக்குதான். அவள் பங்கு எங்கேயும் தொலையவில்லை; வீடு வீடாகப் போயிருந்தது. அவள் படுத்திருக்கும் வீட்டின் மற்ற அறையில்கூட எரிந்தது. அவர் சொன்ன பொய்யின் மேல் அது கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து அவள் பக்கம் பார்க்க அவருக்குப் பயமாயிருந்தது.

வாசலில் சம்பேயின் அம்மாவின் குரல் கேட்டது. ரெருங் வெளியே போனார்.

"பல்பு பளிச்னு எரியுது அண்ணே. ஆனா பொண்ணு அதுக்குக் கீழ படுக்க மாட்டேங்கறா. அவ கல்யாணச் சட்ட தச்சவ தலமாட்டுல வந்து நிக்கற மாதிரி இருக்காம்." குரலைத் தாழ்த்தினாள். "அண்ணிகிட்ட கேட்டுட்டுத்தானே எடுத்தீங்க?"

ரெருங் தலையைக் குனிந்துகொண்டார். "போ. இப்ப கேட்டுட்டு வர்றேன்."

உள்ளே வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. களஞ்சியத்துக்குப் போய்க் கம்பியைத் திரும்ப மாட்டிவிடலாம். ஒரு திருகாணி வேலை. அவர் எழுந்திருக்கவில்லை.

"ஓடை இன்னும் ஓடுது, புவா. கம்பிய நான்தான் கழட்டினேன். பக்கத்து வீட்டுல பிரசவம். எல்லாரும் உன் பங்க எடுத்துக்கறாங்க." சோற்றுத் தட்டை ஓரமாக நகர்த்தினார். "நீ இனிமே தைக்க மாட்ட. அது நீ படுத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

வெளிச்சக் கோடுகள் அசையாமல் கிடந்தன. ஓடைச் சரிவில் சக்கரம் சீராக முனகியது. ரெருங் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முதலில் சம்பேயின் அம்மா வீட்டுப் படியில் நின்று, "கேட்டுட்டேன், பொண்ண படுக்கச் சொல்லு," என்றார். பிறகு தோடிங்கின் வீட்டுக்குப் போனார். தோடிங் பல்புக்கு நேர் கீழே உட்காராமல் சுவரோரம் ஒதுங்கியிருந்தான்.

"எருமைக்கு நாள் குறிச்சுடு," என்றார் ரெருங்.

தோடிங் எழுந்து நின்றான். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

இரண்டு வருஷமாக யார் கேட்டாலும் அவள் அதைச் சொன்னாள், இதைச் சொன்னாள் என்று அவர் ஏதாவது பதில் வைத்திருப்பார்.

"ஒண்ணும் சொல்லல," என்றார்.