லூர்துப் போத்தலில் ரோமர் தண்ணீர்

லூர்து மாதா கோயில் தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் நான் குடித்து முடித்தது, ரோமர் கட்டிய பாலத்தின் அடியில்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. பிரான்சிலிருந்த மாமா கூப்பிட்டு, அம்மாவும் நானும் விடுமுறைக்குப் போயிருந்தோம். கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து அவ்வளவு தூரம் போய் லூர்துக்குப் போகாமல் திரும்பினால் எங்கள் சனம் மன்னிக்காது. வழியனுப்ப வந்த பெரியம்மா கேட்டதும் நோய் தீர்க்கும் என்று எல்லோரும் நம்பும் லூர்துத் தண்ணீர் ஒரு போத்தல்தான். முழங்கால் வலியால் அவர் கோயிலில் முழந்தாளிட்டு இரண்டு வருடமாகியிருந்தது. மாதாவின் உருவத்தில் செய்து, நீலக் கிரீடத்தையே மூடியாக வைத்த பிளாஸ்டிக் போத்தலில் லூர்து ஊற்றுத் தண்ணீரை நிரப்பி, அம்மா கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

திரும்பும் வழியில் மாமா எங்களை அந்தப் பாலத்துக்கு அழைத்துப் போனார். ஆற்றுக்குக் குறுக்கே, வளைவுக்கு மேல் வளைவாக மூன்று அடுக்கு. உச்சி அடுக்கு வழியாக ஒரு நகரத்துக்கே தண்ணீர் போனதாம். தானே கல் சுமந்தவர் போல மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

அம்மா அண்ணாந்து பார்த்தார். “எங்கட மூண்டாம் மாடிக்கே தண்ணி ஏறுறேல்லை. இவங்கள் அந்தக் காலத்திலயே ஏத்தியிருக்கிறாங்கள்!”

“இப்ப தண்ணி வாறேல்லை, அக்கா.”

“இங்கயும் வாட்டர் கட் தானோ?”

மாமா சிரித்த சிரிப்பில் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாலத்து நிழலில் பாணைப் பிய்த்துச் சம்பல் தொட்டுச் சாப்பிட்டோம். மிளகாயையும் மாசிக் கருவாட்டையும் இடித்து, அம்மா கொழும்பிலிருந்தே கட்டி வந்த சம்பல். அம்மாவும் மாமாவும் சற்றுத் தள்ளிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் இன்னொரு விள்ளல் அள்ளிப் போட்டுக்கொண்டேன். வாய் தீயாக எரிந்தது. தண்ணீர்ப் போத்தல் காலி. கைப்பையைத் திறந்து, மாதாவின் கிரீடத்தைத் திருகி, மடமடவென்று குடித்துவிட்டேன்.

நாக்கு ஆறிய பிறகுதான் பெரியம்மாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. கை கழுவும் சாக்கில் ஆற்றுக்கு ஓடிப் போத்தலை நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பிறகு மாமா என்னை ஆற்றில் இறக்கிவிட்டார். அந்தப் பயணத்திலேயே நான் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். பாவம் செய்தவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று பயமாகவும் இருந்தது.

கொட்டாஞ்சேனைக்கு வந்ததும் பெரியம்மா சிலுவை போட்டு, தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினார். கூடவே பச்சை நூல் போல ஒரு பாசியும் விழுந்தது. அவர் பாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாசியைச் சட்டை விளிம்பில் துடைத்துவிட்டு முழங்காலில் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டார்.

“எப்பிடி இருக்கு, அக்கா?” என்று அம்மா ஆவலோடு கேட்டார்.

“நல்ல தண்ணி. இப்பவே வலி குறைஞ்ச மாதிரி இருக்கு” என்றார் பெரியம்மா, என்னைப் பார்த்துச் சிரித்தபடி.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த ஞாயிறு பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டபோது பெரியம்மா மட்டும் வழக்கம்போல வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். ரோமர் தண்ணீர் வேலை செய்ய இன்னும் கொஞ்ச நாள் எடுக்குமாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.