கல்கண்டுத் தண்ணீரின் பிழை வரம்பு

புள்ளியியலில் முதுகலை முடித்த பெண்ணுக்குத் திண்டுக்கல்லில் என்ன வேலை கிடைக்கும் என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள். தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்குக் கிடைத்தது ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடியறையில், மின்விசிறிக் காற்று எட்டாத ஒரு மேசை. மின்விசிறிக்கு நேர் கீழே இயக்குநர் உட்கார்ந்திருந்தார். தொண்டு அவருடையது, கணக்கு என்னுடையது.

அப்போது செம்பட்டிக்கு அந்தப் பக்கம் சில கிராமங்களுக்கு ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் வராது, தண்ணீர் மிக மோசமான ஊருக்கு முதலில் என்றார்கள். அங்கே சில ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் காவியேறிவிடும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பெரியவர்களுக்கு முட்டி மடங்காது. எந்த ஊரில் எவ்வளவு மோசம் என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது எங்கள் வேலை. தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். சோதனைக்கான நிதி வேறு தலைப்பில் வருகிறதாம். எங்கள் தலைப்பு ‘மக்கள் கருத்து’.

ஒவ்வொரு ஊரிலும் நாற்பது வீட்டில் கேட்க வேண்டும். வீட்டு எண்களைச் சீட்டில் எழுதி, டப்பாவில் போட்டுக் குலுக்கி, நானே எடுத்தேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. நாற்பதில் இருபது வீடு ‘தண்ணீரால் தொல்லை’ என்றால் ஐம்பது சதவீதம். ஆனால் ஊர் முழுவதையும் கேட்கவில்லையே. அதனால் உண்மை முப்பத்தைந்திலிருந்து அறுபத்தைந்துக்குள் எங்காவது இருக்கலாம் என்று பதினைந்து சதவீதம் இங்கிட்டும் அங்கிட்டும் இடம் விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் பதினைந்துதான் பிழை வரம்பு. அதைப் போடுவது கடினமே இல்லை. ஆமாம் என்றவர்களின் பங்கை இல்லை என்றவர்களின் பங்கால் பெருக்கி, வீட்டு எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, ஏறக்குறைய இரண்டால் பெருக்கினால் வந்துவிடும். கால்குலேட்டருக்கு மனசாட்சி தேவையில்லை. எனக்கும் தேவைப்படாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐந்தாவதாகப் போன ஊரில் முதல் வீட்டுக்காரர் வாசலிலேயே காத்திருந்தார்.

“எங்க ஊர்த் தண்ணிக்கு என்னம்மா கொற? கல்கண்டுல்ல!”

இரண்டாம் வீட்டிலும் கல்கண்டு. மூன்றாம் வீட்டிலும் கல்கண்டு. ஐந்தாம் வீட்டுக்கு வரும்போது ‘க’ என்று மட்டும் எழுதிக்கொண்டேன், மை மிச்சம். யாருக்கும் முட்டி வலி இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்த ஒரு பெரியவரும் வலி இல்லை என்றுதான் சொன்னார். சிரிக்கும்போது மட்டும் பெண்கள் முந்தானையையும், ஆண்கள் துண்டையும் வாய்க்குக் கொண்டுபோனார்கள். என்ன அடக்கமான ஊர் என்று நினைத்துக்கொண்டேன். வெயிலில் தாகமாக இருக்கிறது என்றால் உடனே இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நாற்பது வீட்டில் ஒரு வீடுகூட அந்தக் கல்கண்டுத் தண்ணீரில் ஒரு சொம்பு எனக்குத் தரவில்லை. விருந்தோம்பலுக்கு ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அந்த அக்கா வந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் பிடித்தபடி பத்து வயது மகள்.

“ஏம்மா, எங்க வீட்டுக்கு வரவே இல்லையே?”

“உங்க வீடு சீட்டுல விழலக்கா.”

“விழுந்த வீடெல்லாம் பொய் சொல்லிருச்சுக. நேத்துச் சாவடியில கூட்டம் போட்டு, எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லணும்னு முடிவு பண்ணிட்டாக. தண்ணி சரியில்லைன்னு எழுதிட்டா எவனும் இந்த ஊருக்குப் பொண்ணு தரமாட்டானாம், இங்கிட்டு இருந்து எடுக்கவும் மாட்டானாம். பக்கத்து ஊருல அப்படித்தான் ரெண்டு சம்பந்தம் முறிஞ்சு போச்சு.”

சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல, மகளின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிக் காட்டினார். பல் முழுக்கக் காவிக் கோடுகள். அந்தப் பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது.

“இவளுக்குப் போனது போச்சு. சின்னவளுக்கு ரெண்டு வயசுதான். பல்லு உருவாகுற வயசுக்குள்ள நல்ல தண்ணி குடிச்சாத் தப்பிச்சிரும்னு நர்ஸம்மா சொன்னாங்க. நான் நெசத்தச் சொல்றேன், எழுதிக்க தாயி.”

பாடப் புத்தகம் எனக்குப் பக்க எண்ணோடு ஞாபகம் இருந்தது. தானாக வந்து சொல்பவரைச் சேர்த்தால், குலுக்கி எடுத்த மாதிரி கெட்டுவிடும். அந்த அக்காவுக்கு அதைப் பொறுமையாக விளக்கினேன். ஆம், விளக்கினேன்.

“ஒரு தாளு கூடப் போடுறதுல என்ன கெட்டுப் போகும்?” என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அலுவலகத்தில் கணக்குப் போட்டேன். தொல்லை என்றவர்களின் பங்கு பூச்சியம். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும், எதனால் வகுத்தாலும், வேரோடு பிடுங்கினாலும் பூச்சியம்தான். பிழை வரம்பும் பூச்சியம். உலகத்தில் எந்தக் கணக்கெடுப்புக்கும் வாய்க்காத துல்லியம் ஒரு சாவடிக் கூட்டத்துக்கு வாய்த்திருந்தது.

அவ்வளவு மோசமானவள் இல்லை நான். அடியில் ஒரு குறிப்பு எழுதினேன். நாற்பதில் ஒருவர்கூட ஆமாம் சொல்லாதபோது இந்தச் சூத்திரம் செல்லாது. மூன்றை நாற்பதால் வகுத்தால் ஏழரை சதவீதம், அதுவரை தொல்லை இருக்க இடமுண்டு. இருநூற்று எண்பது வீட்டு ஊரில் அது இருபத்தொரு வீடு. அந்தக் கணக்குக்கூட நாற்பது பேரும் தனித்தனியாகப் பதில் சொல்லியிருந்தால்தான் சரி. இங்கே நாற்பது பேர் சொன்னது ஒரே பதில்.

இயக்குநர் படித்தார். முகம் மலர்ந்தது, குறிப்பு வரும்வரை.

“தப்பே இல்லாம ஒரு ஊரு வந்திருக்கு. அதைப் போயி ஏம்மா கெடுக்குற? மேல இருக்கிறவங்க இதெல்லாம் படிக்க மாட்டாங்க.”

“சார், அந்த ஊருல ஒரு அக்கா...”

“லிஸ்ட்டுல இருக்காங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன?”

என் விதியையே எனக்குத் திருப்பிச் சொன்னார். குறிப்பை அடித்துவிட்டார். ‘தண்ணீரால் தொல்லை: இல்லை. பிழை: பூச்சியம்’ என்று தட்டச்சாகி வந்த தாளில், ‘கணக்கிட்டவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த ஊர் பட்டியலில் கடைசிக்குப் போனது. குழாய் மற்ற ஊர்களுக்குப் போனது.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வரன் பார்த்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தரகர் ஒரு ஜாதகத்தோடு வந்தார். பையன் பள்ளிக்கூட வாத்தியார், தென்னந்தோப்பு இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அம்மா, “அந்தப் பக்கம் தண்ணி சரியில்லைம்பாங்களே?” என்று இழுத்தாள்.

தரகர் அதற்காகவே காத்திருந்தவர்போலப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஜெராக்ஸ், அதுவும் லேமினேட் செய்தது. “படிச்சவங்க வந்து வீடு வீடாக் கேட்டு எழுதுனது. தப்பு பூச்சியம்னு போட்டிருக்கு பாருங்க. அந்த ஊரு வரன் எல்லாத்துக்கும் இதைத்தான் காட்டுறேன்.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, இது உன் கையெழுத்துல்ல?”

“அந்த ஊரு வேணாம்ப்பா. அம்புட்டும் பொய்.”

“நாப்பது வீடு சொல்லியிருக்கேம்மா?”

“ஒரு அக்கா சொன்னாங்கப்பா. பஸ் ஸ்டாப்புல.”

“நாப்பது பேரு சொன்னதை விட்டுட்டு ஒரே ஒரு ஆளு சொன்னதையா நம்புற?”

“ஆமாப்பா.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. மாதிரி கெடுமே என்று தோன்றவில்லை, புத்தகத்தின் பக்க எண் ஞாபகம் வரவில்லை. குடிக்கப் போவது நானும் என் பிள்ளைகளும் என்றதும், பட்டியலில் இல்லாத அந்த அக்காவை நம்ப எனக்கு எந்தச் சூத்திரமும் தேவைப்படவில்லை. தரகர் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அடுத்த வீட்டில் காட்ட வேண்டுமே.

அப்பா நல்லவேளை என்றார். நான் அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தேன், குடிக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த அக்காவின் சின்னவளுக்கு அதற்குள் நான்கு வயது ஆகியிருக்கும்.