இருளாயி அடைத்த வாய்க்கால்

நான் மலையூரான பூண்டிக்குப் பிரசவ நர்சாக வந்தபோது இருளாயிக்கு நாற்பது வயது. கணவர் இறந்துவிட்டார். ஊருக்கு மேலே அவள் பங்காக ஒரு சதுப்புப் பள்ளம் இருந்தது. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அதன் கறுப்பு மண்ணுக்கு ஆசைப்பட்டு, 1959-இல் அவளே நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுப் பூண்டு போட்டாள்.

விளைச்சல் நன்றாகவே வந்தது. ஆனால் சின்ன மழைக்கே கீழே ஓடை பொங்கியது. மாசியில் ஊர் தண்ணீர் எடுக்கும் ஊற்று வற்றியது. மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விட்டது அந்தச் சதுப்புதான், இரண்டும் தன் மண்வெட்டி செய்த வேலை என்று அவளுக்குப் புரிந்தது. மறு வருடம் பூண்டை விட்டுவிட்டாள். புல்லோடு மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து, வாய்க்காலை ஆறு இடத்தில் அடைத்தாள்.

ஓடைக்கரையில் குடியிருந்த கொழுந்தன் திருமலைச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"மதினி, பூண்டு வெளையுற எடத்துல தவளை வளக்கப் போறீகளாக்கும்?"

"ஆமாலே. நீ கத்துறதுக்கு அதுக கத்துனா தேவலை."

1961 ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை திருமலைச்சாமியின் மனைவி வடிவுக்கு வலி கண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது, சதுப்பையெல்லாம் வடித்துவிட்டிருந்த பக்கத்துப் பள்ளத்தில் வெள்ளம் இரண்டு பூண்டு வயலை வாரிக்கொண்டு போயிருந்தது. இங்கே குழந்தை கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"ஓடை ஏறுது நர்சம்மா, வெரசா மேட்டுக்குத் தூக்கிருவோம்" என்றான் திருமலைச்சாமி.

"இப்பத் தூக்கினா ரெண்டு உசுரும் போயிரும். போய் வெந்நீர் போடு."

இருளாயி நனைந்தபடி வந்தாள். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"பள்ளம் ரொம்பிக் கெடக்கு. ரெண்டாவது அடைப்புல ஒரு கட்டி நழுவியிருக்கு, மத்தது நிக்குது. தண்ணி மெல்லத்தான் எறங்குது."

"சாயங்காலம் வரைக்கும் தாங்குமா?"

"சொல்ல முடியாது நர்சம்மா. நான் வாசல்ல நிக்கிறேன். தண்ணி ரெண்டாம் படிக்கு வந்தா கூப்பிடுறேன்."

அவள் கூப்பிடவே இல்லை. தண்ணீர் முதல் படியை நனைத்துவிட்டு அங்கேயே நின்றது. மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, உடனே அழுதது. அப்போதுதான் எனக்கு முதுகு வலிப்பது தெரிந்தது.

மறுநாள் வெள்ளனே திருமலைச்சாமி மண்வெட்டியோடு கிளம்பினான்.

"எங்கலே?" என்றாள் இருளாயி.

"நழுவுன அந்தக் கட்டிய வச்சுட்டு வாரேன், மதினி."

"புல்லு மேல் பக்கமா இருக்கணும். தலைகீழா வச்சுராத."

1967-இல் எனக்கு மாற்றல் வந்தது. அதுவரை அதே வீட்டில் வடிவுக்கு இன்னும் இரண்டு பிரசவம் பார்த்தேன். இரண்டும் ஐப்பசியில்தான். வாசலில் யாரையும் காவலுக்கு நிறுத்தவில்லை.